டை வேண்டாம் என்று போட்ட கையெழுத்து

ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு வயிற்று வலி. ஓமத் தண்ணீர், ஜெலுசில், ஆட்டோ, காஷுவாலிட்டி. உங்கள் வீட்டிலும் இதே வரிசைதான் நடக்கும். டூட்டி டாக்டர் அழுத்திப் பார்த்தார். வயிறு பஞ்சு மாதிரி இருந்தது. அப்பாவோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், 'கேஸ்தான்', ஒரு பேன்டாப் ஊசி.

காலை ஏழு மணிக்கு வந்த சர்ஜன்தான், ரத்தம் உறையாமலிருக்க அப்பா சாப்பிட்டு வந்த அசிட்ரோம் மாத்திரை பற்றிக் கேட்டார். பல் பிடுங்குவதற்காக நாங்களாகவே நிறுத்தியிருந்தோம், திரும்ப ஆரம்பிக்கவில்லை. துடிப்பு சீராக இல்லாத இதயத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி குடலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம் என்றார். அழுத்தினால் வயிறு இளகி இருக்கிறது, ஆள் மட்டும் துடிக்கிறார். அவருக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். ரத்தக் குழாய் படத்தில் தெரிவதற்கான டை போட்டு சி.டி. ஆஞ்சியோ உடனே எடுக்கச் சொன்னார்.

அப்பாவின் கிட்னி டெஸ்டில் கிரியாட்டினின் 1.6. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் மச்சான் போனில், "டை போட்டா கிட்னி போயிடும், கையெழுத்துப் போடாதீங்க" என்றார். நான் போட்டேன், 'டை வேண்டாம்' என்ற தாளில். சர்ஜன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். டை இல்லாமல் எடுத்த சி.டி.யில் ஒன்றும் பிடிபடவில்லை. மத்தியானம் வலி குறைந்தது. அம்மா சாமிக்கு விளக்கேற்றப் போனாள். குடல் செத்துக்கொண்டிருந்ததால் குறைந்த வலி அது.

சாயங்காலம் வயிறு கல்லானது. அப்புறம்தான் டை. படத்தில் குடலுக்குப் போகும் பெரிய குழாய் வெள்ளையாக இறங்கி வந்து, கத்தரித்த நூல் மாதிரி பாதியில் நின்றது. ஹெப்பாரின் ஏற்றி, வயிற்றைத் திறந்து, நுனியில் பலூன் வைத்த மெல்லிய டியூபை விட்டுக் கட்டியை இழுத்தார்கள். கறுத்துப்போன ஐந்தடிக் குடலை வெட்டினார்கள். மறுநாள் மீண்டும் திறந்து, மிச்சம் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது.

கிரியாட்டினின் 1.9 வரை ஏறி, பத்து நாளில் 1.5-க்கு வந்தது. கிட்னியைக் காப்பாற்றக் குடலைக் கொடுத்தவன் நான். டாக்டர் இந்த அடைப்பைச் சந்தேகப்பட்டு டை கேட்டால் போடச் சொல்லுங்கள். சொந்தக்காரர் போனை அப்புறம் எடுக்கலாம்.

போன வாரம் மச்சான் வந்திருந்தார். "அந்த டைக்கு அப்புறம்தான் மாமா இப்படி இளைச்சுட்டார்" என்றார். அப்பா ஆறு மணி அசிட்ரோமை விழுங்கிவிட்டு, அவருக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.