பட்டறையா, கல்லூரியா?

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேறிய என் மகன் மோட்டார் பட்டறைக்குப் போவேன் என்கிறான். நான் கல்லூரியை விரும்புகிறேன். எது நல்லது?
— ஒரு தாயார், சிங்காநல்லூர்

பதில்: அம்மணி, கலங்கல் கிராமத்தில் பிறந்து, ஏட்டுக்கல்வியில் மனம் பற்றாமல், ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே யந்திர சாஸ்திரம் பயின்று, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட ஜி. டி. நாயுடுவின் ஜில்லாவில் இக்கேள்வி எழுவதே ஆச்சரியந்தான். ஆனால் அத்தகைய மேதை வீதிக்கொருவர் பிறப்பதில்லை. பட்டறை அனுபவத்துக்குத் தானாக அத்தாட்சிப் பத்திரமும் கிடைத்துவிடாது. ஆகையால் முதலில் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டு வருஷம் படிக்க வைத்து, பின்னர் 1961-ஆம் வருஷத்துப் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு ஒரு தொழிற்சாலையில் பழக விடுங்கள். படிப்பில் ஆசை பிறந்தால் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரவும் அவனுக்கு வழியுண்டு.