உடலும் உயிரும்

ஜாஸ் என்றதும் பித்தளைக் குழல்களின் ஆரவாரமே நம்மில் பலருக்கு நினைவு வரும். ஆனால், ஆர்ப்பாட்டமே இல்லாத ஒரு சோகக் காதற்பாட்டை அவ்விசையாளர் தலைமுறை தலைமுறையாகப் பாடம்போல் பயின்று வருகின்றனர். ‘பாடி அண்ட் சோல்’ என்பது அதன் பெயர். உடலும் உயிரும் என்று பொருள்.

மெட்டமைத்தவர் ஜானி கிரீன். ஹார்வர்டில் பொருளாதாரம் பயின்ற அமெரிக்கர். கெர்ட்ரூட் லாரன்ஸ் என்னும் ஆங்கில நடிகைக்காக இதை அமைத்தபோது அவருக்கு வயது 21தான், என்னைவிட இளையவர்! லண்டனில் முதலில் ஒலித்த பாட்டு, 1930லேயே நியூயார்க் மேடையில் லிபி ஹோல்மன் பாடப் புகழ்பெற்றது. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவ்வாண்டே இதை இசைத்தட்டில் பதித்தார்.

பாட்டின் அளவு 32 தாளக் கட்டங்கள். எட்டெட்டாக நான்கு பகுதிகள். முதலிரண்டு பகுதிகளும் கடைசியும் ஒரே மெட்டு. மூன்றாம் பகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே ஆதாரசுருதியே அரை ஸ்வரம் மேலேறுகிறது. அதிர்வெண் கணக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடு. நான்கு கட்டங்கள் சென்றபின் முதலிடத்திற்கும் அரை ஸ்வரம் கீழே இறங்கி, பிறகு வீடு திரும்புகிறது. தம்பூராவின் அசையாத சுருதியில் பழகிய நம் செவிக்குக் காலடி நிலம் நழுவினாற்போல் இருக்கும்.

ஐந்தாண்டுகள் ஐரோப்பாவில் கழித்துத் திரும்பிய கோல்மன் ஹாக்கின்ஸ், 1939 அக்டோபர் 11ல் இதை டெனர் சாக்ஸபோனில் வாசித்தார். மூன்று நிமிடத் தட்டு. பாட்டு இருமுறை சுற்றி வருகிறது. தொடக்கத்தில் மட்டும் மெட்டின் சாயல். அப்புறம் யாவும் அவர் கற்பனை.

இயற்றியவர் மெட்டைக் கைவிடுவது துரோகமன்றோ என்று சிலர் கேட்கலாம். அன்று என்பேன். நிரவல் செய்யும் பாடகர் ராகத்தையும் தாளத்தையும் விடாததுபோல, ஹாக்கின்ஸ் 32 கட்டங்களையும் அவற்றின் ஸ்வரக்கூட்டு மாறும் வரிசையையும் விடவில்லை. அந்த எலும்புக்கூடு உறுதியாக இருந்ததாலன்றோ அவர் புதுச் சதை பூட்ட முடிந்தது! மரபைக் காப்பதென்றால் தொடாமல் வைப்பதே என்று வாதிடும் நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். 2011ல், 84 வயது டோனி பென்னட்டும் 27 வயது ஏமி வைன்ஹவுஸும் இதே பாட்டைச் சேர்ந்து பாடினர். சில மாதங்களில் மறைந்த ஏமிக்கு அதுவே கடைசி ஒலிப்பதிவாயிற்று.

அன்பர்களே, முதலில் யாரேனும் பாடியதைக் கேட்டு மெட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பின்பு ஹாக்கின்ஸின் தட்டை விரல்விட்டு எண்ணியபடி கேளுங்கள். 17ஆம் கட்டத்தில் சுருதி நகரும் அந்த நொடியைக் கண்டுகொண்டால், மற்றதைப் பாட்டே கற்பிக்கும்.