தனிமம், சேர்மம், கலவை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நடுநிலை வகுப்புகளில் வேதியியல் பெரும்பாலும் மூன்று சொற்களோடு தொடங்குகிறது: தனிமம், சேர்மம், கலவை. மூன்றுக்கும் வரையறை இரண்டிரண்டு வரிதான். பிள்ளைகள் ஒரே மாலையில் மனப்பாடம் செய்து தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் காட்டி, "இது மூன்றில் எது?" என்று கேட்டுப் பாருங்கள், திணறல் தெரியும். வரையறையைப் படித்த பிறகும் பொருள்களைப் பற்றிய பழைய எண்ணங்கள் மனத்தில் அசையாமல் இருப்பதே காரணம். அவற்றைப் பேசித் தீர்க்காமல் குறியீடுகளுக்கும் சமன்பாடுகளுக்கும் தாவினால், மேல் வகுப்பில் வேதியியல் புரியாத எழுத்துக்கூட்டமாகிவிடும். வகுப்பறையிலும் வீட்டிலும் அடிக்கடி கேட்கிற ஏழு நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: கலப்படம் இல்லாத பாலும் தேனும் தூய பொருள்கள்

உண்மை: கடையில் "சுத்தமான பால்" என்றால் தண்ணீரோ மாவோ சேர்க்காத பால். அந்தப் பொருளில் அது சரியான பேச்சு. வேதியியலில் தூய பொருள் என்பதற்கு நிபந்தனை வேறு: அதில் ஒரே ஒரு வகைப் பொருள் மட்டுமே இருக்க வேண்டும். கறந்த சூட்டோடு இருக்கும் பசும்பாலில்கூட 87 சதவீதம் அளவுக்குத் தண்ணீர்தான். மீதியில் கொழுப்பு, லாக்டோஸ் சர்க்கரை, கேசின் முதலான புரதங்கள், தாது உப்புகள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் வைத்தால் கொழுப்புத் துளிகள் தனித்தனியாக மிதப்பதைக் காணலாம். ஆகவே பால் ஒரு கலவை. தேனும் அப்படியே. பாட்டிலில் வரும் குடிநீரிலும் தாது உப்புகள் கரைந்திருக்கின்றன. சர்க்கரையும் காய்ச்சி வடித்த நீரும் தூய பொருள்களுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டுகள்.

நம்பிக்கை 2: கலவை என்றால் கண்ணுக்குத் தெரியும்; ஒன்றுபோலத் தெரிந்தால் அது சேர்மம்

உண்மை: அரிசியில் கல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் உப்பு கரைந்தால் தெரியாது. இரண்டும் கலவைதான். முதலாவதைப் பலபடித்தான கலவை என்றும் இரண்டாவதை ஒருபடித்தான கலவை என்றும் சொல்கிறோம். கரைந்த உப்பு எங்கேயும் போய்விடவில்லை. அது உருகவும் இல்லை. நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே, எந்த நுண்ணோக்கியிலும் தென்படாத அளவுக்கு நுணுகிப் பரவியிருக்கிறது. கரைசலை எடைபோட்டால், போட்ட உப்பின் எடையும் நீரின் எடையும் சேர்ந்து அப்படியே இருக்கும்.

உலோகங்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. நகைக்கடையில் 916 முத்திரை குத்திய 22 கேரட் தங்கத்தில் 1000 பங்குக்கு 916 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 18 கேரட்டில் தங்கம் 750 பங்காகக் குறைகிறது. இப்படி விகிதத்தைத் தேவைக்கேற்ப மாற்ற முடிகிறதே, அதுதான் கலவையின் அடையாளம். குத்துவிளக்கும் நகையும் உலோகக்கலவைகள். சுத்தத் தங்கக் கட்டி மட்டும்தான் தனிமம்.

பாடப்புத்தகம் சொல்லும் "கலவையை எளிதாகப் பிரிக்கலாம்" என்ற வரியை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். பழைய நகையிலிருந்து சுத்தத் தங்கம் எடுப்பவர்கள் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது எளிய வேலை அல்ல. ஆனாலும் நகை கலவைதான். பிரிப்பது சுலபமா கடினமா என்பது ஒரு தடயம் மட்டுமே. விகிதம் நிலையானதா, புதிய பொருள் பிறந்ததா என்பவையே தீர்ப்புச் சொல்லும் கேள்விகள்.

நம்பிக்கை 3: இரண்டு பொருள்களை நன்றாகக் கலந்தால் சேர்மம் கிடைக்கும்

உண்மை: எவ்வளவு கலந்தாலும் கலவை கலவைதான். சேர்மம் உண்டாக வேதிவினை நடக்க வேண்டும். இதைக் காட்ட இரும்புத்தூளும் கந்தகத்தூளும் போதும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்ட வேண்டிய சோதனை இது. 7 கிராம் இரும்புத்தூளையும் 4 கிராம் கந்தகத்தூளையும் கல்வத்தில் போட்டு அரைத்தால் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு பொடி கிடைக்கும். காந்தத்தைக் கொண்டுபோனால் இரும்பு ஒட்டிக்கொண்டு மேலே வரும், கந்தகம் கீழேயே தங்கும். இது கலவை.

அந்தப் பொடியைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்க வேண்டும். ஒரு முனை செந்தணலாக ஒளிரத் தொடங்கியதும் விளக்கை அகற்றிவிடலாம். அகற்றிய பிறகும் அந்தத் தணல் தானாகவே குழாய் முழுக்கப் பரவும். வினையே வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஆறிய பிறகு கிடைப்பது இரும்பு சல்ஃபைடு என்னும் கரிய திண்மம். கந்தகத்தின் மஞ்சள் நிறம் அதில் இல்லை; இரும்பை இழுத்ததுபோல் காந்தம் அதை இழுப்பதும் இல்லை.

7க்கு 4 என்பது ஏன்? அந்த விகிதத்தில்தான் அவை சேரும். 10 கிராம் இரும்பைப் போட்டால் 3 கிராம் இரும்பு வினைபுரியாமல் மிஞ்சும். சேர்மத்தின் இயைபு மாறாதது என்ற இந்த உண்மையை நிலைநாட்டியவர் பிரெஞ்சு வேதியியலர் ஜோசப் ப்ரௌஸ்ட். பூமியிலிருந்து தோண்டி எடுத்த செம்புக் கார்பனேட்டிலும், ஆய்வகத்தில் தாமே தயாரித்த செம்புக் கார்பனேட்டிலும் தனிமங்கள் ஒரே விகிதத்தில் இருப்பதை 1799இல் அவர் காட்டினார். அக்காலத்தின் பெரிய வேதியியலரான பெர்தோலே இதை மறுத்துப் பல ஆண்டுகள் வாதாடினார். அளவுகள் ப்ரௌஸ்ட் பக்கமே நின்றன.

நம்பிக்கை 4: சேர்மத்தில் அதன் தனிமங்களின் குணம் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்

உண்மை: சாப்பாட்டு உப்பைப் பாருங்கள். சோடியம், கத்தியால் வெட்டக்கூடிய மெதுவான உலோகம். தண்ணீர் பட்டால் சீறி வினைபுரியும் என்பதால் மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பாதுகாக்கிறார்கள். குளோரின், மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சுவாயு. முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை எதிரிப் பதுங்குகுழிகள் மீது திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். இந்த இரண்டும் சேர்ந்த சோடியம் குளோரைடு இல்லாமல் நம் வீட்டில் உலை இறங்குவதில்லை. சேர்மம் தன் பெற்றோரின் குணத்தை விட்டுவிட்டு, தனக்கென்று ஒரு குணத்தோடு பிறக்கிறது.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கத் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைவிட நல்ல இடம் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாத்தியில் கட்டிவைத்தால் வெயிலே தண்ணீரை ஆவியாக்கிவிடுகிறது, உப்பு படிகிறது. மக்னீசியம் உப்புகள் மிகுந்த கசப்பு நீர் மிஞ்சுகிறது. ஒரு கலவையைப் பிரிக்க வெயிலும் காற்றும் போதுமாக இருக்கின்றன. ஆனால் அந்த உப்பைச் சோடியமாகவும் குளோரினாகவும் பிரிக்க எத்தனை கோடை வெயிலும் போதாது. 801 டிகிரி செல்சியஸில் உருகும் பொருள் அது. உருக்கிய நிலையில் மின்சாரத்தைச் செலுத்தினால்தான் தனிமங்கள் பிரியும்.

நம்பிக்கை 5: தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிகள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்

உண்மை: மேல்வகுப்பு மாணவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. கொதிநீரின் குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது வாயு நிலையில் இருக்கும் அதே தண்ணீர். மூடியைத் திறந்து பார்த்தால் அதன் அடியில் துளித்துளியாகத் தண்ணீர் கோத்திருப்பதே போதிய ஆதாரம். மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. எந்த மூலக்கூறும் உடைவதில்லை. 2000 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்கூட நீரின் ஒரு சிறு பங்குதான் பிரியும்.

நீரை உடைக்க மின்னாற்பகுப்பு வேண்டும். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு கனஅளவும், நேர்மின்வாயில் ஆக்சிஜன் ஒரு பங்கும் சேரும். வகுப்பில் இதைச் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மின்சாரம் கடத்துவதற்காகத் தண்ணீரில் சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள், குளோரின் வெளிவரும். சமையல் சோடா போட்டால் போதும்.

நம்பிக்கை 6: நீரும் காற்றும் தனிமங்கள்

உண்மை: நிலம், நீர், தீ, காற்று, வெளி என்ற ஐம்பூதப் பகுப்பு, உலகை உணர்ந்து புரிந்துகொள்ள நம் முன்னோர் கண்ட வழி. கிரேக்கர்களிடமும் இதைப் போன்ற பகுப்பு இருந்தது. வேதியியல் கேட்கும் கேள்வி வேறு: இதை வேதிமுறையில் இன்னும் எளிய பொருளாகப் பிரிக்க முடியுமா? 1780களின் தொடக்கத்தில் ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜனைக் காற்றில் எரித்துத் தண்ணீரைப் பெற்றார். அதன் பொருளைத் தெளிவாக உணர்ந்து, நீர் தனிமம் அல்ல என 1783இல் அறிவித்தவர் லவாய்சியர். 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தால் நீரைப் பிரித்தே காட்டினார்கள்.

காற்றின் கதை நெடியது. அது தனிமமும் அல்ல, சேர்மமும் அல்ல, கலவை. ஈரப்பதம் இல்லாத காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த ஆர்கான் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிடச் சுமார் 200இல் ஒரு பங்கு கனமாக இருப்பதை ரேலே பிரபு கவனித்தார். அளவுப்பிழை என்று ஒதுக்கியிருக்கலாம், அவர் ஒதுக்கவில்லை. வில்லியம் ராம்சேயும் அவரும் சேர்ந்து துருவியதில், 1894இல் ஆர்கான் என்ற புதிய தனிமம் வெளிப்பட்டது. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காற்று கலவை என்பதால்தான் அதைக் குளிர்வித்துத் திரவமாக்கி, கொதிநிலை வேறுபாட்டைக் கொண்டு பிரிக்க முடிகிறது. நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிக்கின்றன. பெரிய மருத்துவமனைகளின் தொட்டிகளுக்கு வரும் திரவ ஆக்சிஜன் இப்படிப் பிரித்தெடுத்ததே.

நம்பிக்கை 7: மூலக்கூறு என்றாலே சேர்மம்

உண்மை: சேர்மத்தில் குறைந்தது இரண்டு வெவ்வேறு தனிமங்கள் இருக்க வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று, கந்தகத்தில் எட்டு. எல்லாம் ஒரே தனிமத்தின் அணுக்கள் என்பதால் இவை தனிமங்களே. வைரமும் பென்சிலின் கிராஃபைட்டும் கார்பன் என்ற ஒரே தனிமம்; அணுக்கள் அடுக்கப்பட்ட முறைதான் வேறு. வைரம் கார்பன்தான் என்பதை ஸ்மித்சன் டென்னன்ட் அதை எரித்துப் பார்த்து 1797இல் மெய்ப்பித்தார். மறுபுறம், சாப்பாட்டு உப்பு சேர்மம்தான், ஆனால் அதில் தனித்தனி மூலக்கூறுகளே கிடையாது. சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கிய படிகம் அது.

எங்கே தொடங்குவது?

வரையறையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் வீட்டுப் பொருள்கள் சிலவற்றை மேசையில் வைக்கலாம்: உப்பு, பால், செம்புக் கம்பி, பித்தளைச் சொம்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் போதும். இதில் ஒரு வகைப் பொருள்தான் உண்டா, பலவா? உள்ளே இருப்பவற்றின் விகிதத்தை நம் விருப்பப்படி மாற்ற முடியுமா? அவை தம் குணத்தை இழந்து புதிய பொருளாகிவிட்டனவா? விடை தவறினாலும் காரணத்தைச் சொல்ல விடுங்கள். எந்த நம்பிக்கை உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது அந்தக் காரணத்தில்தான் தெரியும்.

இந்த வகைப்பாடு உருவானதும் இப்படித்தான். 1789இல் லவாய்சியர் வெளியிட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒளியும் வெப்பமும் இருந்தன, சுண்ணாம்பும் இருந்தது. தனிமம் என்றால் இதுவரை நம்மால் பிரிக்க முடியாத பொருள் என்பதே அவர் கொண்ட வரையறை. 1808இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தின் துணையால் சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைப் பிரித்ததும், சுண்ணாம்பு சேர்மங்களின் பக்கம் போனது. இன்று நம்மிடம் உள்ள 118 தனிமங்களின் அட்டவணை இத்தகைய சோதனைகளால் திருத்தித் திருத்தி வந்தது. பிரித்துப் பார், அளந்து பார், பிறகு பெயர் சூட்டு என்ற அந்த வரிசையிலேயே நம் பிள்ளைகளும் வேதியியலுக்குள் நுழையட்டும்.