கடைமடையில் அளந்து பார்

அன்புள்ள தம்பி,

உன் சர்வீஸ் ரிப்போர்ட்டைப் படித்தேன். போர்டு மாற்றுவதற்கு முன் இன்னொரு ஆளிடம் காட்டிவிடலாமென்று நாகப்பட்டினம் வெளிப்பாளையத்து வீட்டுக்காரர் சிபியுவோடு அதையும் கொண்டுவந்திருந்தார். பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) போய்விட்டது, புதிது போட்டாய், ஃபேன் ஓடியது, டிஸ்பிளே வரவில்லை. ராமை மாற்றினாய், சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போட்டாய், போர்டை வெளியே எடுத்து அட்டைமேல் வைத்தும் ஓட்டிப் பார்த்தாய். கடைசியில் சிவப்பு மையில் 'மதர்போர்டு டெட்.' உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதே ரிப்போர்ட்டை நம் பக்கத்தில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

பிராசசர் பக்கத்து 4 பின்னைச் செருகினாயா, பவர் சுவிட்ச் வயரைச் சரியான பின்னில் போட்டாயா என்றெல்லாம் கேட்கப்போவதில்லை. அதெல்லாம் தெரிந்தவன் நீ. எனக்கு எரிச்சல் வந்தது இரண்டு வரிகளில்.

முதல் வரி: 'பச்சை வயரையும் கருப்பு வயரையும் கம்பியால் ஷார்ட் செய்ததில் ஃபேன் சுற்றியது, எனவே எஸ்எம்பிஎஸ் நன்று.' அந்தக் கம்பியை வளைத்துச் செருகும் வித்தையை யார் கண்டுபிடித்தார்களோ, நம் தொழிலில் பாதி அப்பாவி போர்டுகள் அதனால்தான் குப்பைக்குப் போகின்றன. ஃபேன் சுற்றப் பன்னிரண்டு வோல்ட் சுமாராக இருந்தாலே போதும். போர்டு அப்படியில்லை. 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் கீழே போகக் கூடாது, 5 என்றால் 4.75, 3.3 என்றால் 3.135. அதுவும் பிராசசர் விழித்துக்கொண்டு கரண்டை இழுக்கிற அந்த நொடியில். லோடே இல்லாமல் ஓடவிட்டு நல்லது என்று சான்றிதழ் கொடுத்தால் எப்படி?

இரண்டாவது வரி: 'எல்லா வோல்டேஜும் நார்மல்.' ரிப்போர்ட் முழுக்க ஒரு எண்கூட இல்லை. 11.5-ம் நார்மல்தான், 12.1-ம் நார்மல்தான், ஆனால் இரண்டும் ஒரே கதை சொல்லவில்லை. எண் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கே வைத்து அளந்தாய் என்று எழுதவில்லையே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

24 பின் கனெக்டரின் முதுகுப் பக்கம், வயர் நுழைகிற ஓட்டையில் மீட்டர் முனையை விட்டு அளந்திருப்பாய். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். நான் கனெக்டரைக் கழற்றி லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். எட்டாவது பின், சாம்பல் நிற வயர். மற்ற டெர்மினல்களெல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க, அது மட்டும் இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் டெர்மினலைப் பிடித்து நிறுத்தும் சின்ன நாக்கு மடங்கிவிட்டிருந்தது. நீ கனெக்டரை அழுத்திச் செருகியபோது போர்டின் பின் உள்ளே போகாமல் டெர்மினலைப் பின்னால் தள்ளியிருக்கிறது. குண்டூசியால் நாக்கைத் தூக்கிவிட்டு வயரைத் தள்ளினேன். 'டக்' என்றது. செருகி ஆன் செய்ததும் டிஸ்பிளே.

சாம்பல் வயர் பவர் குட். உள்ளே வோல்டேஜெல்லாம் நிலைத்த பிறகு, 0.1-லிருந்து 0.5 நொடிக்குள் எஸ்எம்பிஎஸ் அதில் 5 வோல்ட் அனுப்பும். அது வந்து சேரும்வரை பிராசசரை ரீசெட்டிலேயே வைத்திருப்பது போர்டின் ஒழுக்கம். ஃபேனுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது, 12 வோல்ட் கிடைத்ததும் சுற்ற ஆரம்பித்துவிடும். நீ முதுகுப்பக்கம் மீட்டர் வைத்தபோது 5 வோல்ட் காட்டியிருக்கும். பொய்யில்லை. எஸ்எம்பிஎஸ் அனுப்பியது 5 வோல்ட்தான். போர்டுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நீ டெல்டாக்காரன், உனக்கு இதை விளக்க வேண்டுமா? ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள், இத்தனை ஆயிரம் கனஅடி என்று பேப்பரில் வரும். நம் ஊர்க்காரன் யாராவது அதைப் படித்துவிட்டு நாற்று விடுவானா? கல்லணை தாண்டி, வாய்க்கால் தாண்டி, கடைமடை வயலில் தண்ணீர் ஏறினால்தான் அது தண்ணீர். போர்டை அட்டைமேல் வைத்துத்தானே ஓட்டினாய்? லேசாகத் தூக்கி அடியில் அந்தப் பின்னின் சால்டர் புள்ளியில் மீட்டரை வைத்திருந்தால் சங்கதி வெளியே வந்திருக்கும். நேற்றுவரை ஓடிய போர்டு, நாம் ஒன்றை மாற்றியதும் ஓடவில்லையென்றால் முதல் சந்தேகம் நாம் மாற்றியதன்மேல். அதற்கடுத்து நம் கை பட்ட இடங்கள்மேல். போர்டின் முறை கடைசியில்தான்.

டெட் என்ற தீர்ப்பை அவ்வளவு சுலபமாக எழுதக் கூடாது என்பதை நான் சுனாமிக்குப் பிறகு கண்ணால் பார்த்தேன். 2004 டிசம்பர் 26-க்கு அடுத்த வாரங்களில் கடல்தண்ணீரும் சேறும் குடித்த கம்ப்யூட்டர்கள் வரிசையாக வந்தன. பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசி, காயப்போட்டு, வேறு எஸ்எம்பிஎஸ் போட்டு ஓட்டியதில் சில உயிர் பிழைத்தன. ஈரத்தோடு யாராவது அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டிருந்தால் பிழைக்கவில்லை, உப்புத் தண்ணீருக்குள் கரண்ட் பாய்ந்து செம்புக் கோடுகளையே தின்றுவிட்டிருந்தது. கடலுக்குள் போய்வந்த போர்டுக்கே அவ்வளவு அவகாசம் கொடுத்தோம். நீ வெளிப்பாளையத்துப் போர்டுக்கு ஒரு சாயங்காலம்கூடக் கொடுக்கவில்லை.

சரி, ரிப்போர்ட்டில் நீ கவனிக்காமல் விட்ட எர்த்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தால் கடைப் பசங்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 'கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுப்பதாக வீட்டம்மா சொன்னார்' என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய்! எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் பாடியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால் பாடி 230-ல் பாதி வோல்டேஜில் தொங்கும், அதுதான் அந்த ஜிவ்வு. கரண்ட் சொற்பம்தான், பொதுவாக ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த வீட்டில் எர்த் செத்துக் கிடக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் ஊரில் எர்த் குழியில் உப்பையும் கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டிப் பைப்பை இறக்குகிறோம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் எர்த் நன்றாகப் பிடிக்கும். அதே உப்புதான் பைப்பையும் கிளாம்பையும் அரிக்கிறது. போதாததற்குக் கடற்காற்று வேறு. சில வருஷம் போனால் வயர் ஒரு பக்கம், துருப்பிடித்த பைப் ஒரு பக்கம். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கிறதே என்று ஏமாந்துபோகாதே. மீட்டரையும் நம்பாதே: அரைகுறை எர்த்திலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் ஜம்மென்று 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு அதே இரண்டுக்கும் நடுவே கொடு. பளிச்சென்று எரிந்தால் எர்த். மங்கலாக எரிந்தாலோ எரியவே எரியாவிட்டாலோ குழியைத் தோண்டு. கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி இருக்கிற வீட்டில் உடனே ட்ரிப் ஆகும், ஆனால் அரைகுறை எர்த்திலும் அது ட்ரிப் ஆகும் என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு, கம்பங்கள் விழுந்து, வாடகை ஜெனரேட்டர் தெருத்தெருவாகப் போன நாட்களில் எத்தனை எஸ்எம்பிஎஸ் வெடித்தது! எங்காவது நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய வீட்டில் 400-ஐ எட்டிவிடும். அதை எர்த் தடுக்காதுதான். ஆனால் லைனை யாரும் பார்க்காமல் பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தோம் என்பதை மறக்காதே.

திட்டித் தீர்த்துவிட்டேன். இப்போது மனசாரச் சொல்கிறேன். 'பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தபோது மீன் வாடை, கெப்பாசிட்டர் கசிவு' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காக உன்னைக் கட்டிக்கொள்ளலாம். கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் கசிந்தால் மீன் வாடைதான் அடிக்கும். ஆனால் நாகப்பட்டினத்தில், கருவாடு காயும் காற்றில் உட்கார்ந்துகொண்டு, இந்த வாடை துறைமுகத்திலிருந்து வரவில்லை, இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்கிற மூக்கை இத்தனை வருஷத்தில் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. திறந்து பார்த்தால், உப்பிய தலையோடு இரண்டு கெப்பாசிட்டர், நீ சொன்ன இடத்திலேயே. இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவன் நீ.

போர்டுக்கு வாங்கிய அட்வான்ஸை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. சர்வீஸ் சார்ஜை வைத்துக்கொள், அது நியாயமானதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு எர்த்தைப் பார்த்துவிடு. 100 வாட் குண்டு பல்பு இப்போது கேட்ட கடையிலெல்லாம் கிடைப்பதில்லை. என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை வந்து எடுத்துக்கொண்டு போ. உடைத்தால் காசு கொடுக்கணும்.

அன்புடன்,
அண்ணன்