நகராட்சித் தொழிலாளரும் சேம நிதியும்

கூட்டுறவுச் சங்கத்தில் பணம் கட்டும் அங்கத்தினர், அது பாஸ் புஸ்தகத்தில் பதிவாயிற்றா என்று பார்த்த பின்னரே வீடு திரும்புவர். கையை விட்டுப் போன பணமெல்லாம் சேமிப்பு ஆகாது. கணக்கில் ஏறியதே சேமிப்பு. நகராட்சியில் ஒப்பந்த முறையில் ஊழியம் செய்வோரின் சேம நிதிக்கும் இவ்விதியே பொருந்தும்.

அதிராம்பட்டினம் 2021-ஆம் ஆண்டில் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்த்தப்பட்டது. நகராட்சிகளில் நிரந்தர ஊழியருக்கு அரசாங்கத்தின் ஓய்வூதிய ஏற்பாடுகள் தனியே உண்டு. குப்பை வாருதல், சாக்கடை தூர் எடுத்தல் முதலிய வேலைகளுக்குக் காண்ட்ராக்டர் மூலம் அமர்த்தப்படுவோருக்கு அவை இல்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு, 1952-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சேம நிதிச் சட்டம், 2011 ஜனவரி 8-ஆம் தேதி அறிவிப்பினால் நகராட்சிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பி.எப். என்று யாவரும் வழங்குவது இந்நிதியே.

இதன் கணக்கு எளிது. தொழிலாளியின் மாதச் சம்பளம் ரூ.12,000 எனக் கொள்க. அதில் நூற்றுக்கு 12 வீதம் ரூ.1,440 பிடிக்கப்படும். வேலை கொடுப்பவரும் அதே தொகையைச் சேர்த்துச் செலுத்த வேண்டும். அவர் செலுத்துவதில் ஏறக்குறைய ரூ.1,000 ஓய்வூதிய நிதிக்கும், மிகுதி சேம நிதிக்கும் போகும். ஆகவே மாதந்தோறும் தொழிலாளியின் பேரில் ரூ.2,880 சேரும்.

பத்து வருஷ ஊழியம் பூர்த்தியானவருக்கு 58-ஆம் வயதில் ஓய்வூதியம் உண்டு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை ஊழிய வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் தொகை கிடைக்கும். மேற்கண்ட தொழிலாளிக்குப் பத்து வருஷத்திற்கு மாதம் சுமார் ரூ.1,714 ஆகும். ஊழியத்திலிருக்கையில் அவர் இறப்பின், ஒரு மாதச் சந்தாவேனும் செலுத்தப்பட்டிருந்தால் மனைவி மக்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சம்பளத்தில் பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிதியில் கட்டப்பட வேண்டும். கட்டப்படாவிடில் தொழிலாளி சம்பளத்தையும் இழந்து பாதுகாப்பையும் இழக்கிறார். குறை வெளிப்படுவதோ பெரும்பாலும் அவர் முதுமையடைந்த பின்னர், அல்லது விதவை மனுச் செய்யும் நாளில். காண்ட்ராக்டர் தவறினால் பொறுப்பு அவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் மூலம் வேலை வாங்கும் ஸ்தாபனமே அச்சந்தாவுக்குப் பொறுப்பாளி என்பது சேம நிதித் திட்டத்தின் விதி.

ஆதலின் ஒப்பந்தத் தொழிலாளர் கைக்கொள்ள வேண்டியவை:

1. தமக்குரிய 12 இலக்க எண்ணைக் கேட்டுப் பெற்றுக் குறித்து வைத்தல்.

2. காண்ட்ராக்டர் மாறினும் அதே எண்ணைக் கொடுத்தல். இடையில் ஓய்வூதியப் பணத்தைத் திரும்ப வாங்கினால் அதுவரை செய்த ஊழியம் பத்து வருஷக் கணக்கில் சேராது.

3. வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்தல்.

4. மாதந்தோறும் கணக்கைப் பார்த்தல். குறையிருப்பின் நகராட்சி ஆணையருக்கும் சேம நிதி அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவித்தல்.

கைப்பேசியில் இக்கணக்கைப் பார்க்கத் தெரிந்த இளைஞர் ஒருவரேனும் ஒவ்வொரு கிராமத்திலும் இருப்பர். சங்கம் கூடும் நாளில் அவர் அரைமணி நேரம் ஒதுக்கி, நகராட்சி வேலைக்குச் செல்லும் அயலாரின் கணக்கைப் படித்துக் காட்டினால், அதுவும் கூட்டுறவுத் தொண்டேயாகும்.