“கல்யாணம் ஆயிருச்சாம்மா?”

இந்த மாதப் பாடம் வேலைக்கான நேர்முகத் தேர்வு பற்றியது. குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

சிங்காநல்லூரில் நம் குழு உறுப்பினர் ஒருவரின் மருமகள் பி.காம். படித்தவர். டேலியில் கணக்கு எழுதத் தெரியும். கணக்கு எழுத ஆள் தேவை என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, ஒன்றரை வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரு கம்பெனிக்குப் போனார். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டவர்கள் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம்.

“கல்யாணம் ஆயிருச்சாம்மா?”

“ஆயிருச்சுங்க.”

“குழந்தை?”

“ஒண்ணுங்க.”

“அடுத்தது எப்போ?”

இதற்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்லும்? சும்மா நின்றது. “சரி, போன் பண்றோம்” என்றார்கள். போன் வரவே இல்லை. டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, அதனால் பஸ் காசு போகவில்லை. மாமியாரின் ஒரு நாள் கூலிதான் போயிற்று. “டேலியில ஒரு கேள்வி கேட்டு, தெரியலைன்னு அனுப்பியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க” என்று அழுதது அந்தப் பெண்.

இது இந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைக்கு 2023 மார்ச்சில் வேலை தேடிப் போன அக்கா தங்கை இருவரை, கல்யாணம் ஆனவர்கள் என்று தெரிந்ததும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றது அந்தச் செய்தி. வேலை அதிகமான மாதங்களில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளர்வதாகவும் எழுதியிருந்தார்கள். நிறுவனம் இதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

படித்த பெரிய அதிகாரிகளையும் இந்தக் கேள்வி விடவில்லை. சென்னையில் படித்த சி.பி.முத்தம்மா, வெளிநாட்டுத் தூதரகப் பணியில் சேர்ந்த நம் நாட்டின் முதல் பெண். நேர்முகத் தேர்வில் இருந்தவர்களே “இந்த வேலை வேண்டாம்” என்று அவர் மனதை மாற்றப் பார்த்தார்கள். கல்யாணம் செய்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதியும் வாங்கினார்கள். பின்னாளில் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அப்படிப்பட்ட விதிகளைக் கடுமையாகச் சாடினார்.

முதலாளிகள் ஏன் கேட்கிறார்கள்? பிரசவம் என்றால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். இந்தச் செலவுக்குப் பயந்து, ஆளையே எடுக்காமல் விடுகிறார்கள். நமக்காக வந்த சட்டமே நம்மை வாசலில் நிறுத்துகிறது, பாருங்கள்.

வேலைக்கு எடுப்பதில் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976ம் வருடச் சமச் சம்பளச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். “கல்யாணம் ஆனவர்” என்ற வார்த்தை அதில் நேரடியாக இல்லை. ஆம்பளையிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்டார்கள் என்றுதான் நாம் வாதாட வேண்டியிருக்கும்.

அதனால் போகும் முன்பே போன் போட்டு, “கல்யாணமானவங்களை எடுப்பீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். ஒரு நாள் கூலியாவது மிஞ்சும். விளம்பரத்திலேயே அப்படிப் போட்டிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள், அதுதான் சாட்சி. தாலியையும் மெட்டியையும் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பொய் சொல்லிச் சேர்ந்தவள் பிரசவ விடுப்பு கேட்க எப்படி வாய் திறப்பாள்? புகார் சொல்லத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. பெண்கள் உதவிக்கு 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இந்தச் சட்ட உதவி கிடைக்க வருமான வரம்பு கிடையாது.

அந்த மருமகள் இப்போது இன்னொரு இடத்துக்குப் போன் போட்டிருக்கிறார். “குழந்தை இருக்குதுங்க, பார்த்துக்க மாமியார் இருக்காங்க, வரட்டுங்களா?” என்று முதலிலேயே கேட்டாராம். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டத்தில் பேச: உங்கள் வீட்டில் வேலைக்குப் போன பெண்ணிடம் என்ன கேட்டார்கள்? அதே வேலைக்குப் போன பையனிடம் என்ன கேட்டார்கள்?