நூலகத்தில் கதை நேரமா? குட்டிகளோடு போகிறவர்களுக்கு…

1. திண்டுக்கல் மாவட்ட மைய நூலகமோ, பக்கத்துக் கிளை நூலகமோ, முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

2. பறை, முகமூடி எல்லாம் உண்டென்றால் சின்னதுகளை முன்வரிசைப் பாயில் விடாதீர்கள். வாசலோரம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மிரண்டு அழுதால் யார் காலையும் மிதிக்காமல் வெளியே தூக்கி வரலாம். பயம் தெளிந்ததும் தானாகவே முன்னால் நகரும்.

3. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். அந்தச் சரசரப்பில் கதைசொல்லியின் குரல் அமுங்கிவிடும்.

4. வீடியோ எடுக்காதீர்கள். பிள்ளை கதையை விட்டுவிட்டு உங்கள் செல்போனைப் பார்க்கும்.

5. வீட்டுக்கு வந்ததும் “கதையோட நீதி என்ன?” என்று கேட்காதீர்கள், அது பரீட்சை! கதையில் வந்த நரி எப்படி நடந்தது என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. திண்டுக்கல்லில் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.